பிராக்டல் வரைய எந்த மென்பொருள்? பழைய லாப்டொப்பையும் மலைநாட்டுக் கரண்டையும் வைத்து ஒரு கணக்கு

இந்த மாதம் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் பண்டாரவளையில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் தங்கச்சி. இணைந்த கணிதம் படித்தவர். “அண்ணா, நாலு ஜிபி ராம் உள்ள பழைய லாப்டொப்தான் இருக்கு. எதை இறக்கினா ஓடும்?” என்று கேட்டிருந்தார். மற்றவர் தலவாக்கலைப் பக்கம், தோட்ட அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன நல்ல டெஸ்க்டொப் அவரிடம் இருக்கிறது. ஐந்து மென்பொருளை இறக்கி ஐந்தையும் திறந்து பார்த்தவர், எதில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறார். மகள் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் வழி ஒன்றுதான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிராக்டல் என்றால், எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே புதிது புதிதாக விவரம் வந்துகொண்டே இருக்கும் உருவம். அதில் பேர்போனது மண்டல்பிரோ கணம். ஒரு சிக்கலெண்ணை எடுங்கள், வர்க்கியுங்கள், அதோடு ஒரு மாறாத எண்ணைக் கூட்டுங்கள். வந்த விடையை மறுபடி வர்க்கித்து அதே எண்ணைக் கூட்டுங்கள். இப்படியே போனால் சில புள்ளிகள் எல்லை தாண்டி ஓடிவிடும், சில ஓடாமல் அங்கேயே சுற்றும். பூச்சியத்தில் தொடங்கி, எந்தெந்த எண்ணைக் கூட்டும்போது விடை ஓடாமல் நிற்கிறதோ அந்த எண்களின் கூட்டம்தான் மண்டல்பிரோ கணம். காஸ்டன் ஜூலியா இந்தக் கணக்கின் அடிப்படையை 1918இலேயே எழுதிவிட்டார், ஆனால் படமாகப் பார்க்க அவரிடம் கணினி இல்லை. 1980இல் பெனுவா மண்டல்பிரோ ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் அதைக் கணினியில் வரைந்து பார்த்தார். ஒரே வரிச் சூத்திரம், உள்ளே போகப் போக முடிவே இல்லாத ஓரம். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து பல வருடமாகிறது. இன்றைக்கும் அந்த ஓரத்தைப் பெரிதாக்கும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்கிறது.

## எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் பார்ப்பது “எதில் படம் அழகாக வரும்” என்பதை. அதை நான் அளவுகோலாகவே எடுக்கவில்லை. எல்லாவற்றிலும் அழகாக வரும். நான் பார்ப்பவை வேறு.

காத்திருக்கும் நேரம். மவுஸை அசைத்ததற்கும் படம் மாறுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? என்னைக் கேட்டால் இதுதான் முதலாவது. இந்தக் கலை கண் வழியாகத்தான் கைக்கு வருகிறது. ஓர் எண்ணை மாற்றியவுடன் என்ன ஆனது என்று தெரிந்தால் பத்து நாளில் நிறையப் பழகலாம். மாற்றிவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தால், எதை மாற்றினோம் என்பதே மறந்துபோகும்.

இயந்திரம். ராம், கிராபிக்ஸ் கார்ட், விண்டோஸா லினக்ஸா என்பது.

உங்கள் கை எங்கே படுகிறது. சிலதில் நீங்கள் ஊர் சுற்றுகிறவர், இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கிறீர்கள். சிலதில் நிறம் தீட்டுகிறவர். சிலதில் சூத்திரத்தையே எழுதுகிறவர். உங்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

செலவு. காசு மட்டும் இல்லை. டேட்டா, கரண்ட், பிரிண்ட் எல்லாம் சேர்த்து.

| தெரிவு | காத்திருப்பு | இயந்திரம் | காசு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கேயாஸ் | இல்லை என்றே சொல்லலாம் | எதுவும் போதும் | இலவசம் | தொடங்குகிறவர், ஊர் சுற்றுகிறவர் |
| அல்ட்ரா பிராக்டல் | நடுத்தரம் | நல்ல புரொசசர் | கட்டணம் | நிறம், அடுக்கு, பெரிய பிரிண்ட் |
| தீச்சுடர் வகை | முன்னோட்டம் வேகம், கடைசிப் படம் மெதுவு | 8 ஜிபி ராம் நல்லது | பெரும்பாலும் இலவசம் | ஓவிய மனம் உள்ளவர் |
| முப்பரிமாணம் | நீளம் | கிராபிக்ஸ் கார்ட் | இலவசம் | பொறுமையும் இயந்திரமும் உள்ளவர் |
| சொந்தமாக நிரல் | உங்கள் நிரலைப் பொறுத்தது | எதுவும் போதும் | இலவசம் | கணக்குப் பிடித்தவர் |

## கேயாஸ்

ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள், ஆனால் சொல்வது கேயாஸ் என்றுதான். தேடும்போது “எக்ஸ், ஏ, ஓ, எஸ்” என்ற நான்கு எழுத்தைப் போடுங்கள். 1996இல் யான் ஹுபிச்கா, தோமஸ் மார்ஷ் இருவரும் தொடங்கியது. திறந்த மூலம். விண்டோஸ், லினக்ஸ், மெக் மூன்றிலும் ஓடும்.

இதன் சிறப்பு ஒன்றே ஒன்று: மவுஸின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வலதை அழுத்தினால் வெளியே வரும். திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும் முதலிலிருந்து கணக்கிடாமல், முந்திய படத்தில் கணக்கிட்ட கிடை வரிசைகளையும் நெடு வரிசைகளையும் எடுத்து, புதிய இடத்துக்குப் பொருந்துகிறவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, குறைகிறதை மட்டும் கணக்கிடுகிறது. அதனால்தான் பத்து வருடப் பழைய லாப்டொப்பிலும் தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

திறந்தவுடன் நேராக இரண்டு உருண்டைகளும் ஒட்டிக்கொள்ளும் கழுத்துக்குப் போங்கள். பெரிய இதய வடிவமும் அதன் இடப்பக்க வட்டமும் தொடும் இடம், எண் கோட்டில் −0.75. அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள இடுக்கைக் கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்பார்கள். உள்ளே போனால் வால்கள் சுருண்டு சுருண்டு வரிசையாக நிற்கும். ஒரு வாலைப் பிடித்து நுனிக்குப் போங்கள். அப்புறம் ஜே எழுத்தை அழுத்தி மவுஸை மெதுவாக நகர்த்திப் பாருங்கள்: நீங்கள் நிற்கும் புள்ளிக்கு உரிய ஜூலியா கணம் (கூட்டும் எண்ணை அந்தப் புள்ளியாகவே வைத்து, தொடங்கும் எண்ணை மட்டும் மாற்றினால் ஓடாமல் நிற்பவை) பக்கத்தில் உருமாறிக்கொண்டே இருக்கும். கணத்துக்குள்ளே நிற்கும்போது ஒரே துண்டாக இருப்பது, ஓரத்தைத் தாண்டியவுடன் தூசியாக உதிரும். பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்கிறதை அந்த ஒரு அசைவு காட்டிவிடும்.

குறை என்ன? நிறம் தீட்டும் வசதி குறைவு, அடுக்கு கிடையாது. ஆழத்துக்கும் எல்லை உண்டு. சாதாரணக் கணினி எண் 15, 16 இலக்கம் வரைதான் துல்லியமாகப் பிடிக்கும். அதைத் தாண்டிப் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். புதியவர் அந்த எல்லையை முட்டவே சில வாரம் ஆகும்.

எல்லை தாண்டிப் போக ஆசை வந்தவர்களுக்குக் கல்லஸ் பிராக்டேலர் இருக்கிறது. கே. ஐ. மார்ட்டின் 2013இல் வெளியிட்ட வழியில் அது வேலை செய்கிறது: ஒரே ஒரு புள்ளியை மட்டும் நூற்றுக்கணக்கான இலக்கத்தோடு கணக்கிட்டு, மற்றப் புள்ளிகளை அதிலிருந்து உள்ள சின்ன வித்தியாசமாக மட்டும் கணக்கிடும். ஆழம்தான் உங்கள் ஆசை என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

## அல்ட்ரா பிராக்டல்

ஃபிரெடரிக் ஸ்லைகர்மன் எழுதியது. விண்டோஸ், மெக் மட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும், சோதித்துப் பார்க்க 30 நாள் தருகிறார்கள். ஒரே இடத்தை வேறு வேறு நிறச் சூத்திரத்தில் வரைந்து, அடுக்கின் மேல் அடுக்காக வைத்து, எது எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கலாம். ஆயிரக்கணக்கான சூத்திரங்களைப் பலர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டும் படம்தான் குறிக்கோள் என்றால் இதற்கு இணையாக நான் எதையும் பார்க்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில், ஆகவே இணையத்தில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த அட்டை வேண்டும், மாற்று விகிதத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, பழகும் காலம். முதல் வாரத்தில் அடுக்குகளையும் சூத்திரப் பட்டியலையும் பார்த்து மலைத்துப்போய் மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். மண்டல்பிரோ ஓரத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே கண்ணுக்குப் பழகியவருக்கு அந்த மலைப்பு இருக்காது.

## தீச்சுடர் வகை: அபோபிசிஸ், ஜேவைல்ட்ஃபயர், சாவோட்டிகா

ஸ்கொட் டிரேவ்ஸ் 1992இல் கண்டுபிடித்த முறை. பட்டுத்துணி, புகை, சிறகு மாதிரி வரும் படங்கள் இந்த வகைதான். அபோபிசிஸில் முக்கோணங்களை இழுத்து நகர்த்தினால் வடிவம் மாறும். விண்டோஸில் மட்டும் ஓடும், பழைய இயந்திரத்துக்கும் ஒத்துவரும். ஜேவைல்ட்ஃபயர் ஜாவாவில் எழுதியது, லினக்ஸிலும் ஓடும், ஆனால் ராம் நிறையக் கேட்கும். சாவோட்டிகாவின் இலவசப் பதிப்பில் கட்டுப்பாடுகள் உண்டு. படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் உரிமத்தை முழுதாக வாசியுங்கள்.

இங்கே முன்னோட்டம் உடனே வரும், அது மனதுக்கு நல்லது. கடைசிப் படம் அப்படியில்லை. கோடிக்கணக்கான புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் அந்த மினுக்கம் வருகிறது. குறைவாக விழுந்தால் மணல் தூவியது போல் இருக்கும். கணக்கு வேண்டாம், கைதான் வேண்டும் என்கிறவர்கள் இங்கே சந்தோஷமாக இருப்பார்கள்.

## முப்பரிமாணம்: மண்டல்பல்பர்

டேனியல் வைட், போல் நைலாண்டர் இருவரின் வேலையால் 2009இல் மண்டல்பல்ப், அதாவது மண்டல்பிரோ கணம் மாதிரியான ஒரு முப்பரிமாண வடிவம், வந்தது. அதன் குகைகளுக்குள் போகிற படங்களைப் பார்த்துத்தான் பலர் இந்தப் பொழுதுபோக்குக்கே வருகிறார்கள். மண்டல்பல்பர் இலவசம், திறந்த மூலம், கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

கார்ட் இல்லாத கணினியில் இதைத் தொடங்க வேண்டாம். நான் தொடங்கினேன். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், காலையில் ஒரு பெரிய படத்தை ஓடவிட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு ஹட்டன் பக்கம் வானம் இருண்டு இடி இறங்கியது, கரண்ட் போனது. ஆறு மணி நேர வேலையில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. அந்தப் படத்தின் அளவுகளைச் சேமித்து வைத்திருந்தும், மறுபடி ஓடவிட மனம் வரவில்லை.

## சொந்தமாக நிரல் எழுதுவது

இதற்கு மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாக எழுதுவேன். எனக்குப் பிடித்த வழி.

தேயிலை மலையில் தண்ணீர்க் கான் ஓரத்திலும் கற்கட்டு இடுக்கிலும் பன்னம் (பெரணிச் செடி) முளைத்திருக்கும், பார்க்காதவர் இல்லை. ஓர் ஓலையைப் பறித்துப் பாருங்கள். அதன் ஒவ்வொரு கிளையும் முழு ஓலையின் சின்னப் பிரதி. கணிதவியலாளர் மைக்கல் பார்ன்ஸ்லி அதை நான்கு விதிகளில் அடக்கினார். ஒரு புள்ளியில் தொடங்குங்கள். நூற்றில் 85 தடவை புள்ளியைக் கொஞ்சம் சுருக்கி, சற்றே திருப்பி, மேலே தள்ளுங்கள். 7 தடவை இடப்பக்கக் கிளைக்கு, 7 தடவை வலப்பக்கக் கிளைக்கு, ஒரு தடவை காம்புக்கு. வந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஐம்பதாயிரம் தடவை செய்தால் திரையில் பன்னம் நிற்கும். பைதான் என்ற இலவச நிரல் மொழியில் முப்பது வரிகூட வராது.

அந்த 85 சதவீத விதியில் 0.85, 0.04, −0.04, 0.85 என்று நான்கு எண்கள் இருக்கின்றன. இரண்டு 0.04களையும் பூச்சியமாக்குங்கள்: ஓலை நிமிர்ந்து நிற்கும். 0.1 ஆக்குங்கள், குறிகளை அப்படியே விட்டு: நுனி நன்றாகச் சுருளும், இளம் பன்னத் தளிர் மாதிரி. மென்பொருளில் பொத்தானை அழுத்தி வருகிறவருக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காது. எந்த எண் எந்த வளைவு என்று விரல் அறியும்.

கோலம் போடுகிறவர்களுக்கும் இது நல்ல வழி. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை மொழி இலக்கணம் போல் விதிகளாக எழுதலாம் என்று காட்டினார்கள். ஒரு கோடு, அதை என்னவாக மாற்ற வேண்டும் என்ற ஒரு விதி, மறுபடி மறுபடி. பைதானோடு சேர்ந்தே வரும் டர்ட்டில் நிரலகத்தில் அப்படிப்பட்ட கோலங்களை வரையலாம். அம்மா வாசலில் போடுகிற கோலத்தின் விதி என்ன என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள், எங்கே எங்கே அவர் கை திரும்புகிறது என்று புரியும்.

உயர்தரக் கணிதம் படித்தவர்களுக்கு இன்னொரு விருந்து. −0.75க்கு நேர் மேலே, கற்பனைப் பகுதி 0.1 உள்ள புள்ளியை எடுத்து, விடை 2ஐத் தாண்டி ஓட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள்: 33. கற்பனைப் பகுதி 0.01 என்றால் 315. 0.001 என்றால் 3143. 0.0001 என்றால் 31417. எண்ணத் தொடங்கும் இடத்தைப் பொறுத்து ஒன்று கூடவோ குறையவோ வரலாம். சுற்றை அந்தச் சின்ன எண்ணால் பெருக்கிப் பாருங்கள்: வட்டக் கணக்கில் வரும் பை (3.14159…)! டேவ் போல் என்பவர் 1991இல் இதைத் தற்செயலாகக் கண்டார். இடுக்கு எவ்வளவு மெல்லியது என்று சோதிக்கப் போய், வட்டமே இல்லாத ஒரு கணக்கில் பையைப் பார்த்தார்.

குறைகளையும் சொல்கிறேன். பைதானில் வெறும் சுழற்சியாக எழுதினால் ஒரு திரை அளவு மண்டல்பிரோவுக்குப் பல நிமிடம் போகும். நம்பை (NumPy) என்ற கணக்கு நிரலகத்தைச் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் விநாடிக் கணக்குக்கு வந்துவிடும். கூகுள் கொலாபில் எழுதினால் கணக்கு அவர்கள் கணினியில் நடக்கும், உங்கள் லாப்டொப் சூடாகாது. ஆனால் டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும். மலைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் அதை நம்பி இருக்க முடியாது. பைதானை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்வதே மேல்.

## யாரும் முதலில் சொல்லாத செலவுகள்

கரண்ட். 150 வாட் எடுக்கும் டெஸ்க்டொப்பை இரவு 8 மணி நேரம் ஓடவிட்டால் 1.2 அலகு. மாதத்தில் 20 இரவு என்றால் 24 அலகு. வீட்டுப் பாவனை மாதம் 50 அலகு என்று வைத்தால் 74க்குப் போகும். பிரச்சினை அந்த 24 அலகு மட்டும் இல்லை. நம் இலங்கையில் 60ஐத் தாண்டினால் வேறு விகிதப் பட்டியலுக்குப் போய்விடுவோம், நிலையான கட்டணமும் கூடும். பில்லை ஒரு தடவை விரித்து வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு இரவு வேலையைத் தொடங்குங்கள். லாப்டொப் இதில் மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கும்.

இடி. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் நீண்ட ரெண்டர், அதாவது கடைசிப் படத்தை வரையவிடும் வேலை, வேண்டாம். இடி கேட்டவுடன் பிளக்கையே கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. டெஸ்க்டொப் என்றால் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குவது எந்த மென்பொருள் கட்டணத்தையும்விட முக்கியம்.

பிரிண்ட். 1366க்கு 768 திரையில் உள்ளது ஏறத்தாழ 10 இலட்சம் புள்ளி. 12க்கு 18 அங்குலப் பிரிண்ட், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 5400, அதாவது 194 இலட்சம். திரையில் 20 விநாடி எடுத்த படம் இங்கே 6 நிமிடம் எடுக்கும். ஓரங்கள் மெழுகினாற்போல் வர ஒவ்வொரு புள்ளியையும் ஒன்பதாகப் பிரித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 55 நிமிடம். திரையில் ஒளிரும் நீலமும் ஊதாவும் தாளில் மங்கும், ஆகவே முதலில் படத்தின் ஒரு துண்டை மட்டும் சின்னதாக எடுத்துப் பாருங்கள். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு ஒட்டி வைத்த தாள் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும்.

## யாருக்கு எது

பண்டாரவளைத் தங்கச்சிக்கு: கேயாஸை இறக்கி ஒரு வாரம் சுற்றுங்கள். அடுத்த வாரம் பைதானில் பன்னம், அதற்கடுத்தது அந்தப் பை கணக்கு, பிறகு உங்கள் கையால் ஒரு மண்டல்பிரோ. 4 ஜிபி இதற்கெல்லாம் தாராளம். 1988இல் தொடங்கிய ஃப்ராக்டின்ட் என்ற மென்பொருள், தசமக் கணக்குக்குத் தனிச் சில்லு இல்லாத கணினிகளில் முழு எண்களை மட்டும் வைத்தே இதையெல்லாம் வரைந்தது. உங்கள் லாப்டொப் அவற்றைவிட எவ்வளவோ மேல்.

கைபேசி மட்டும் உள்ளவர்கள் ஒரு செயலியில் ருசி பார்க்கலாம். அதற்கு மேல் கைபேசியை வருத்த வேண்டாம், சூடேறும்.

தலவாக்கலை ஐயாவுக்கு: கேயாஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் நீக்கிவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது சுவரில் மாட்டும் படம், அதற்கு அல்ட்ரா பிராக்டல்தான். ஆனால் இப்போது நிறுவ வேண்டாம். சோதனைக் காலம் 30 நாள்தான், அதில் பாதி சித்திரை இடியில் போய்விடும். வைகாசி பிறக்கட்டும். அதுவரை கேயாஸில் இடம் தேடுங்கள். பிடித்த இடத்தை நிலைக் கோப்பாகச் சேமியுங்கள். சில வரி எழுத்துதான், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

நேற்று இரவு ஒன்று அனுப்பியிருந்தார். செய்தி எதுவும் எழுதவில்லை, கோப்பு மட்டும். திறந்தேன். கடற்குதிரையின் வால் நுனி, அதைச் சுற்றி இரண்டு பக்கமும் சுருள்கள், நடுவில் ஒரு குட்டி மண்டல்பிரோ கறுப்பாக நிற்கிறது. மகள் வீட்டுக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.